12, 100, 128: காட்யா எப்ஷ்டைனின் யூரோவிஷன் புள்ளிகளைப் படிப்பது எப்படி?

ஜெர்மானியப் பாடகி காட்யா எப்ஷ்டைன் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் மூன்று முறை பாடினார். 1970-இல் அவர் பெற்றது 12 புள்ளிகள். 1971-இல் 100 புள்ளிகள். 1980-இல் 128 புள்ளிகள். இந்த மூன்று எண்களை மட்டும் பார்க்கிற ஒருவர், முதல் ஆண்டில் படுதோல்வி கண்ட ஒரு பாடகி மறு ஆண்டே எட்டு மடங்கு முன்னேறினார், அதன்பின் ஒன்பது ஆண்டுகள் கழித்து இன்னும் சற்று மேலே ஏறினார் என்றுதான் கதையைப் புரிந்துகொள்வார். நடந்தது வேறு. 12 புள்ளிகள் வாங்கிய ஆண்டில் அவர் மூன்றாம் இடம் பெற்றார். 100 புள்ளிகள் வாங்கிய ஆண்டிலும் அதே மூன்றாம் இடம்தான். 128 புள்ளிகளுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. ஆனால் 1971-இல் அவரை முந்தி முதலிடம் பெற்றவரும் சரியாக 128 புள்ளிகளே எடுத்திருந்தார்.

யூரோவிஷனைப் பற்றிய பேச்சில் புள்ளிகள் மிக அலட்சியமாகக் கையாளப்படுகின்றன. ஓர் ஆண்டின் எண்ணை இன்னோர் ஆண்டின் எண்ணோடு நேராக ஒப்பிட்டு, "இவர் 340 எடுத்தார், அவர் 246-தான் எடுத்தார்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஒரு பாடகரின் வாழ்நாள் உழைப்பை அப்படிப்பட்ட ஒப்பீட்டை வைத்து மதிப்பிடுவது அவருக்குச் செய்யும் அநீதி என்று நான் கருதுகிறேன். எப்ஷ்டைனின் மூன்று பங்கேற்புகளும் மூன்று வெவ்வேறு தீர்ப்பு முறைகளின் கீழ் நடந்தவை என்பதால், அந்த முறைகள் எப்படி இயங்கின என்பதைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு விளக்க இவரைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இது யாருடைய போட்டி?

முதலில் போட்டியின் அடிப்படையைத் தெரிந்துகொள்வோம். ஐரோப்பாவின் பொதுத்துறை வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்கள் 1950-இல் சேர்ந்து அமைத்த கூட்டமைப்புக்கு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் என்று பெயர். அதன் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. இந்த ஒன்றியம் தன் உறுப்பினர்களுக்காக நடத்தும் பாட்டுப் போட்டியே யூரோவிஷன். 1956-இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் ஏழு நாடுகளோடு அது தொடங்கியது.

போட்டியிடுவது அரசுகளோ, நாடுகளின் பண்பாட்டுத் துறைகளோ அல்ல, ஒலிபரப்பு நிறுவனங்கள். ஜெர்மனியின் சார்பில் பாடகரை அனுப்புவது ஏ.ஆர்.டி. என்ற பொதுத்துறைத் தொலைக்காட்சிக் கூட்டமைப்பு. எந்தப் பாடல், எந்தப் பாடகர் என்று ஒவ்வொரு நிறுவனமும் உள்நாட்டில் முடிவு செய்யும் கட்டத்துக்குத் தேசியத் தேர்வு என்று பெயர். அது ஒரு தனிப் போட்டியாகவும் இருக்கலாம், மூடிய அறையில் எடுக்கும் முடிவாகவும் இருக்கலாம். 1971-இல் ஜெர்மனியில் பாடகி எப்ஷ்டைன்தான் என்று முன்பே முடிவாகிவிட்டது. அவரே ஆறு பாடல்களைப் பாடிக் காட்ட, அவற்றில் ஒன்றை நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

இந்த நிறுவன அமைப்பை மறந்துவிடுவதால் இன்னொரு குழப்பமும் வருகிறது. ஒரு நாட்டுக்காகப் பாடுகிறவர் அந்த மண்ணில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். எப்ஷ்டைனை மூன்று முறையும் முந்திய வெற்றியாளர்களைப் பாருங்கள். 1970-இல் அயர்லாந்துக்காகப் பாடிய டானா, ஐக்கிய இராச்சியத்தின் பகுதியான வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் வளர்ந்தவர். 1971-இல் மொனாக்கோவுக்குப் பரிசு வாங்கித் தந்த செவெரீன் ஒரு பிரெஞ்சுப் பெண். 1980-இல் அயர்லாந்துக்காக வென்ற ஜானி லோகன் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். எப்ஷ்டைனே 1945-இல் சைலீசியாவின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. அவர் வளர்ந்தது பெர்லினில்.

பாடகரைவிடப் பாடலே இங்கே முதன்மையானது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது பாடல்களுக்கான போட்டி. அதனால் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பாடகருக்கு இணையான போட்டியாளர்கள். எப்ஷ்டைன் பாடிய மூன்று ஆண்டுகளிலும், பாடல் அந்தந்த நாட்டின் மொழியில்தான் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருந்தது. எனவே மூன்று பாடல்களும் ஜெர்மன் மொழியில் அமைந்தன. பெரும்பாலும் அந்த மொழி புரியாத நடுவர்களிடமே அவற்றின் முடிவு இருந்தது.

சுருக்கமாக: ஒலிபரப்பு நிறுவனங்கள் போட்டியிடுகின்றன, பாடல் மதிப்பிடப்படுகிறது, பாடகர் அந்தப் பாடலை மேடைக்குக் கொண்டுவருகிறார். இனி அந்த மதிப்பீடு எப்படி எண்ணாக மாறுகிறது என்பதற்கு வருவோம்.

ஒரு பேச்சுப் போட்டி, மூன்று தீர்ப்புகள்

ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கயல், மதி, வேல், நிலா என்று நான்கு பேர் பேசுகிறார்கள். ஐந்து நடுவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் மூன்று நடுவர்களுக்குக் கயலின் பேச்சு மிகவும் பிடித்துவிட்டது. நான்காம் நடுவருக்கும் ஐந்தாம் நடுவருக்கும் அது பிடிக்கவே இல்லை. அவர்களில் ஒருவர் வேலையும் மற்றவர் நிலாவையும் முதலில் வைக்கிறார்கள். கயலுக்குக் கடைசி இடம்தான். மதியின் பேச்சைப் பொறுத்தவரை ஐவருக்கும் ஒரே கருத்து: இருப்பவர்களில் இரண்டாவது சிறந்த பேச்சு.

முதல் முறையில், ஒவ்வொரு நடுவரிடமும் ஒரே ஒரு சீட்டு இருக்கிறது. தமக்கு மிகவும் பிடித்தவர் பெயரை அதில் எழுத வேண்டும். கயலுக்கு 3, வேலுக்கு 1, நிலாவுக்கு 1, மதிக்குப் பூஜ்யம். ஐந்து நடுவர்களும் நன்று என்று ஒப்புக்கொண்ட ஒரு பேச்சு, பட்டியலின் அடியில் வெறுங்கையோடு நிற்கிறது.

இரண்டாம் முறையில், ஒவ்வொரு நடுவரும் ஒவ்வொரு பேச்சுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார். மதிக்கு எல்லோரும் 4 போட்டால் மொத்தம் 20. கயலுக்கு மூவர் 5 வீதம் 15, பிடிக்காத இருவர் 2 வீதம் 4, மொத்தம் 19. மதி ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் வெல்கிறார்.

மூன்றாம் முறையில், நடுவர் பேச்சாளர்களை வரிசைப்படுத்துகிறார். முதலிடத்துக்கு 4, இரண்டாம் இடத்துக்கு 3, மூன்றாவதற்கு 2, நான்காவதற்கு 1 என்று புள்ளிகள் போகின்றன. மதிக்கு ஐந்து முறை 3, அதாவது 15. கயலுக்கு மூன்று முறை 4, இரண்டு முறை 1, அதாவது 14. மீண்டும் மதியே வெற்றியாளர், ஆனால் எண் வேறு.

மதி ஒரே ஒரு முறைதான் பேசினார். அவருடைய குரலோ கருத்தோ மாறவில்லை, நடுவர்களின் ரசனையும் மாறவில்லை. அப்படியிருந்தும் அவருடைய எண் பூஜ்யம், 20, 15 என்று மூன்று வகையாக வருகிறது. இடமும் மாறுகிறது. சிலர் உயிரையே கொடுக்கும் அளவுக்கு நேசிக்கிற, வேறு சிலர் வெறுக்கிற படைப்பை முதல் முறை தூக்கிவிடும். எல்லோருக்கும் ஓரளவு பிடித்ததை மற்ற இரண்டு முறைகளும் தூக்கிவிடும். இந்த மூன்று முறைகளும்தான் சிறுசிறு மாற்றங்களோடு எப்ஷ்டைன் பாடிய மூன்று ஆண்டுகளிலும் இருந்தன.

ஆம்ஸ்டர்டாம், 1970: ஒரு நடுவருக்கு ஒரு சீட்டு

1970 மார்ச் 21 அன்று ஆம்ஸ்டர்டாமில் நடந்த போட்டியில் 12 நாடுகள் மட்டுமே கலந்துகொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு மாட்ரிடில் நடந்ததே இதற்குப் பெரிய காரணம். அங்கே பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் தலா 18 வாக்குகளோடு சமநிலையில் முடித்தன. சமநிலையை உடைக்க விதி எதுவும் இல்லாததால் நால்வருமே வெற்றியாளர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். இதில் அதிருப்தி அடைந்த பின்லாந்து, நார்வே, சுவீடன், போர்ச்சுகல் ஆகியவை 1970-இல் விலகி நின்றன.

அந்தச் சமநிலை வெறும் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரே ஒரு பாடலுக்கு ஒரு வாக்கு அளிப்பார்கள். சொந்த நாட்டுப் பாடலுக்கு அளிக்கக் கூடாது. மாட்ரிடில் 16 நாடுகளுக்குமாகச் சேர்த்து இருந்த வாக்குகளே 160-தான். இவ்வளவு குறைந்த வாக்குகள் 16 பாடல்களுக்கிடையே சிதறினால், பலர் ஒரே எண்ணில் வந்து முட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

சமநிலை வந்தால் என்ன செய்வது என்ற விதியை 1970-இல் சேர்த்துக்கொண்டார்களே தவிர, வாக்களிக்கும் முறையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். 12 நாடுகள், மொத்தம் 120 வாக்குகள். எப்ஷ்டைன் பாடிய "வுண்டர் கிப்ட் எஸ் இம்மர் வீடர்" என்ற பாடலுக்கு, அதாவது "அற்புதங்கள் மீண்டும் மீண்டும் நிகழும்" என்ற பாடலுக்கு, கிறிஸ்டியன் புரூன் இசையமைத்திருந்தார். கிடைத்தது 12 வாக்குகள். முதலிடம் பெற்ற டானாவுக்கு 32, இரண்டாம் இடம் பெற்ற பிரிட்டனின் மேரி ஹாப்கினுக்கு 26. எப்ஷ்டைனுக்கு அடுத்தபடியாக நான்காம் இடத்தை 8 வாக்குகளோடு மூவர் பகிர்ந்துகொண்டார்கள். அந்த மூவரில் ஒருவர், அப்போது ஸ்பெயினுக்கு வெளியே பெரிதாக அறியப்படாத ஹூலியோ இக்லேசியாஸ். லக்சம்பர்க் ஒரு வாக்குகூடப் பெறவில்லை.

12 என்ற எண்ணை இப்போது படித்துப் பாருங்கள். சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாத பத்து ஜெர்மன் நடுவர்களைத் தவிர்த்த 110 பேரில் 12 பேர், அன்று தாங்கள் கேட்டவற்றில் மிகச் சிறந்தது இந்த ஜெர்மன் பாடல்தான் என்று தீர்மானித்தார்கள். ஏறக்குறைய ஒன்பதில் ஒருவர். மற்ற 98 பேரும் அதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை இந்த முறை சொல்லவே சொல்லாது. அவர்களில் பலருக்கு அது இரண்டாவது விருப்பமாக இருந்திருக்கலாம், கடைசி விருப்பமாகவும் இருந்திருக்கலாம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1964-லும் 1965-லும் பூஜ்யம் வாங்கியிருந்த, அதுவரை நான்காம் இடத்தைத் தாண்டியிராத ஜெர்மனிக்கு, இந்த 12 வாக்குகள் பெற்றுத் தந்ததே அதன் அன்றைய உச்சமான இடம்.

டப்ளின், 1971: எல்லோருக்கும் மதிப்பெண்

மறு ஆண்டு ஒன்றியம் முறையை அடியோடு மாற்றியது. நாட்டுக்குப் பத்து நடுவர்களுக்குப் பதில் இரண்டே பேர். ஒருவர் 25 வயதுக்குக் கீழ், மற்றவர் அதற்கு மேல். இருவருக்கும் குறைந்தது பத்து வயது இடைவெளி. ஒவ்வொருவரும் தம் நாட்டுப் பாடலைத் தவிர மற்ற எல்லாப் பாடல்களுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். பேச்சுப் போட்டியின் இரண்டாம் முறை இதுதான்.

1971 ஏப்ரல் 3 அன்று டப்ளினின் கெய்ட்டி அரங்கில் 18 நாடுகள் போட்டியிட்டன. ஒரு பாடலை மதிப்பிடுவது மற்ற 17 நாடுகளின் 34 நடுவர்கள். அவர்கள் எல்லோருமே மிகக் குறைந்த 1 போட்டால்கூட ஒரு பாடலுக்கு 34 வந்துவிடும். எல்லோரும் 5 போட்டால் 170 வரும். ஆக இந்த ஆண்டில் யாரும் 34-க்குக் கீழே போகவே முடியாது. கடைசி இடம் பெற்ற மால்ட்டாவே 52 எடுத்தது. ஓராண்டுக்கு முன் முதலிடம் பெற்ற டானாவின் 32-ஐவிட அது அதிகம்! முறை தெரியாமல் எண்களை ஒப்பிடுவது நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எப்ஷ்டைன் இந்த ஆண்டு பாடிய "டீசே வெல்ட்", அதாவது "இந்த உலகம்", சுற்றுச்சூழல் மாசுபடுவதைப் பற்றியது. பாட்டுப் போட்டி மேடைகளில் காதலே பெரும்பாலும் ஒலித்த காலத்தில் அப்படியொரு பொருளை அவர் எடுத்துச் சென்றது துணிச்சலான செயல். அவருக்கு 100 புள்ளிகள் கிடைத்தன. செவெரீன் 128 எடுத்து முதலிடம் பெற்றார். ஸ்பெயினின் கரீனா 116 எடுத்து இரண்டாம் இடம் பெற்றார். ஒரு நடுவருக்கு என்று பிரித்தால், எப்ஷ்டைனுக்குக் கிடைத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு மூன்றை ஒட்டியது. செவெரீனுக்குக் கிடைத்தது நான்கை நெருங்கியது. இருவருக்கும் இடையிலான 28 புள்ளி வித்தியாசம் 34 நடுவர்களால் ஆனது. ஆளுக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கைநிறையக் கொடுக்கிற நடுவருக்கும் கறாரான நடுவருக்கும் இங்கே ஒரே எடை கிடையாது. ஒரு நாட்டின் இரண்டு நடுவர்களும் எல்லாப் பாடல்களுக்கும் 4 போடுவதற்குப் பதிலாக 2 போட்டால், போட்டியாளர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு புள்ளிகள் குறையும். ஆனால் தம் சொந்த நாட்டுப் பாடலை அவர்கள் மதிப்பிடுவதில்லை என்பதால் அதற்கு மட்டும் எதுவும் குறையாது. அதாவது, கஞ்சத்தனமாக மதிப்பெண் போடுவதே தம் நாட்டுக்குச் செய்யும் உதவியாகிவிடும். கெட்ட எண்ணத்தோடு செய்தாலும், இயல்பாகவே கண்டிப்பானவராக இருந்தாலும், விளைவு ஒன்றுதான். 1973-உடன் இந்த முறை கைவிடப்பட்டது. 1974-இல் மட்டும் பழைய ஒற்றை வாக்கு முறை திரும்பி வந்தது.

இதுவரை பார்த்தது: 1970-இன் எண், எத்தனை நடுவர்கள் ஒரு பாடலைத் தலைமேல் வைத்தார்கள் என்பதைக் காட்டுகிறது. 1971-இன் எண், எல்லா நடுவர்களின் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள்.

தி ஹேக், 1980: வரிசையே புள்ளியாகிறது

இன்று யூரோவிஷன் என்றதும் எல்லோர் நாவிலும் வரும் "12 புள்ளிகள்" 1975-இல் பிறந்தவை. இந்த முறையில் ஒவ்வொரு நாட்டின் நடுவர் குழுவும் தன் பத்து விருப்பப் பாடல்களை வரிசைப்படுத்தும். முதலிடத்துக்கு 12, இரண்டாவதற்கு 10, மூன்றாவதற்கு 8, அதன்பின் 7, 6, 5 என்று ஒவ்வொன்றாகக் குறைந்து பத்தாவது இடத்துக்கு 1 புள்ளி. பதினோராவது இடத்திலிருந்து கடைசி வரை எல்லோருக்கும் பூஜ்யம். இப்படி, வரிசையில் பெற்ற இடத்தைப் புள்ளியாக மாற்றுவதைத் தரவரிசைப் புள்ளி என்று அழைக்கலாம்.

இந்த முறையின் அழகு, ஒவ்வொரு நாடும் கொடுக்கும் மொத்தப் புள்ளிகள் எப்போதும் 58 என்பதில் இருக்கிறது. கஞ்சனும் கொடையாளியும் இங்கே ஒரே அளவைத்தான் கொடுத்தாக வேண்டும். 1971-இன் ஓட்டை இதனால் பெரும்பாலும் அடைபட்டது. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், வலுவான போட்டியாளரை வேண்டுமென்றே பதினோராவது இடத்துக்குத் தள்ளிப் பூஜ்யம் கொடுக்கும் வழி இன்னும் திறந்தே இருக்கிறது.

1980 ஏப்ரல் 19 அன்று நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் 19 நாடுகள் கூடின. முந்தைய ஆண்டு வென்ற இஸ்ரேல், போட்டி நாள் தன் நினைவு தினத்தோடு மோதியதால் அந்த ஆண்டு பங்கேற்கவில்லை. மொராக்கோ தன் வரலாற்றிலேயே ஒரே ஒரு முறை பாடியது அந்த மேடையில்தான். புள்ளிகளை 1-இலிருந்து 12 வரை ஏறுவரிசையில் அறிவிக்கும் வழக்கமும் அன்றுதான் தொடங்கியது. யாருக்கு 12 என்று பார்வையாளர்களை நாற்காலி நுனியில் உட்கார வைத்த அந்த ஏற்பாடு பல ஆண்டுகள் நீடித்தது. 2016 முதல் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவின் 12 மட்டுமே வாய்விட்டு அறிவிக்கப்படுகிறது.

எப்ஷ்டைனுக்கு இப்போது 35 வயது. ரால்ப் சீகல் இசையமைத்து, பெர்ன்ட் மைனுங்கர் எழுதிய "தேயாட்டர்" என்ற பாடலோடு வந்திருந்தார். மேடைக் கலைஞர்கள் இரவுதோறும் முகமூடி அணிந்து மக்களை மகிழ்விப்பதைப் பற்றிய பாடல் அது. கோமாளி வேடமிட்ட துணைக் கலைஞர்கள் அவரைச் சூழ்ந்து நின்று நடித்தார்கள். 128 புள்ளிகள், இரண்டாம் இடம். ஜானி லோகன் 143 புள்ளிகளோடு வென்றார். பிரிட்டன் 106 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பெற்றது.

இந்த 128-ஐ 18 நடுவர் குழுக்களால் வகுத்தால், குழுவுக்குச் சராசரியாக ஏழு புள்ளிகளுக்குச் சற்று அதிகமாக வருகிறது. தரவரிசைப் பட்டியலில் 7 புள்ளிகள் நான்காம் இடத்துக்கு உரியவை. அதாவது, சராசரியாக ஒவ்வொரு நாட்டிலும் நான்காம் இடத்துக்கான புள்ளிகளைப் பெற்ற ஒரு பாடல், மொத்தத்தில் இரண்டாம் இடம் பெறுகிறது. வெற்றி பெற்ற லோகனின் சராசரியும் எட்டுக்குச் சற்றுக் கீழேதான். அது மூன்றாம் இடத்துக்குரிய புள்ளி. இந்த முறையில் வெல்ல எல்லோருடைய முதல் விருப்பமாகவும் இருக்கத் தேவையில்லை. பல இடங்களில் மேல் வரிசையில் இருந்துகொண்டே இருந்தால் போதும். பேச்சுப் போட்டியில் மதி வென்றது இப்படித்தான். இரண்டு பாடகர்களுக்கும் இடையே இருந்த 15 புள்ளிகளை 18 குழுக்களுக்குப் பிரித்துப் பாருங்கள், குழுவுக்கு ஒரு புள்ளிகூடத் தேறாது.

ஒப்பிட வேண்டுமென்றால்

வெவ்வேறு ஆண்டுகளை ஒப்பிட முதல் வழி, இடத்தைப் பார்ப்பது. இரண்டாம் வழி, ஒரு பாடல் அந்த ஆண்டில் எட்டியிருக்கக்கூடிய மிக அதிகமான புள்ளியைக் கண்டுபிடித்து, அதில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்று கணக்கிடுவது. அந்த மேல் எல்லையை உச்சப் புள்ளி என்று வைத்துக்கொள்வோம். 1970-இல் மற்ற 11 நாடுகளும் பத்து வாக்குகளையும் ஒருவருக்கே கொடுத்திருந்தால் உச்சப் புள்ளி 110. 1971-இல் 170. 1980-இல் மற்ற 18 நாடுகளும் 12 வீதம் கொடுத்தால் 216.

எப்ஷ்டைனின் 12 என்பது 110-இல் 11 சதவீதம். 100 என்பது 170-இல் 59 சதவீதம். 128 என்பது 216-இல் அதே 59 சதவீதம். ஆனால் 1970-இல் வெற்றி பெற்ற டானாவே 29 சதவீதம்தான் எட்டினார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒற்றை வாக்கு முறையில் எல்லோருடைய சதவீதமும் குறைவாகத்தான் இருக்கும். 1971-இலோ ஒன்றும் செய்யாமலே 20 சதவீதம் கைக்கு வந்துவிடும். எனவே ஒரே வகையான முறைக்குள் மட்டுமே சதவீதம் நம்பத் தகுந்தது. முறைகள் மாறும்போது, அந்த ஆண்டின் வெற்றியாளரை அருகில் வைத்துப் பார்ப்பதே பாதுகாப்பானது. அப்படிப் பார்க்கும்போது எப்ஷ்டைன் 1970-இல் வெற்றியாளரின் வாக்குகளில் பாதிக்கும் குறைவாகவும், 1971-இல் 78 சதவீதமும், 1980-இல் 90 சதவீதமும் பெற்றிருக்கிறார். பத்தாண்டுகளில் அவர் வெற்றியை எவ்வளவு நெருங்கினார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

அவருக்குப் பின் வந்த எண்கள்

சீகல்-மைனுங்கர் இணையின் பாடல் 1981-இலும் இரண்டாம் இடம் பெற்றது. அப்போது பாடியவர் லேனா வலைட்டிஸ். 1982-இல் அதே இணையின் பாடலை இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் 17 வயது நிக்கோல் பாடி, ஜெர்மனிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தார். அவருக்குக் கிடைத்தது 161 புள்ளிகள். 18 நாடுகள் பங்கேற்றதால் உச்சப் புள்ளி 204. அதில் 79 சதவீதம். இரண்டாம் இடம் பெற்ற இஸ்ரேல் 100-இல் நின்றது.

2010-இல் ஆஸ்லோவில் லேனா மையர்-லாண்ட்ரூட் 246 புள்ளிகளோடு ஜெர்மனியின் இரண்டாவது வெற்றியைப் பெற்றார். எண் நிக்கோலுடையதைவிடப் பெரியது. ஆனால் 39 நாடுகள் வாக்களித்தன, உச்சப் புள்ளி 456. சதவீதம் 54. இதற்குள் தீர்ப்பில் மக்களும் சேர்ந்திருந்தார்கள். வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் தொலைபேசி வழியே வாக்களிக்கும் முறை 1997-இல் ஜெர்மனி உள்ளிட்ட ஐந்து நாடுகளில் தொடங்கிப் பரவியது. 2010-இல் மக்கள் வாக்கும் நடுவர் தீர்ப்பும் பாதிக்குப் பாதி கலந்து ஒரே வரிசையாக்கப்பட்டன.

2016-இல் அந்த இரண்டையும் பிரித்துவிட்டார்கள். நடுவர்கள் தனியாக 58, மக்கள் தனியாக 58 என்று ஒவ்வொரு நாடும் 116 புள்ளிகள் கொடுக்கத் தொடங்கியது. புள்ளிகள் ஒரே இரவில் இரட்டிப்பாயின. 2018-இல் லிஸ்பனில் மிஹாயேல் ஷுல்ட்டே ஜெர்மனிக்காக 340 புள்ளிகள் எடுத்தார். நிக்கோலைவிட இரண்டு மடங்குக்கு மேல், லேனாவைவிடவும் அதிகம். கிடைத்தது நான்காம் இடம். உச்சப் புள்ளி 1,008 ஆகியிருந்தது, அதில் அவர் எட்டியது 34 சதவீதம். நான்காம் இடம் பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் 340 என்ற எண்ணைக் காட்டி அவரை நிக்கோலுக்கு மேலே வைப்பது கணக்குக்குப் பொருந்தாது.

எண்களை ஏறக்குறைய நேராகவே ஒப்பிடக்கூடிய இடமும் ஒன்று உண்டு. லேனா தன் வெற்றிக்கு அடுத்த ஆண்டே, 2011-இல், சொந்த நாட்டின் டுசல்டார்ப் நகரில் மீண்டும் பாடினார். 1971-இல் எப்ஷ்டைனுக்கு நடந்ததைப் போலவே பாடகி முன்பே முடிவாகியிருந்தார். தேசியத் தேர்வில் எல்லாப் பாடல்களையும் அவரே பாட, மக்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். புள்ளி முறை மாறவில்லை, நாடுகள் மட்டும் 39-இலிருந்து 43 ஆயின. இம்முறை அவருக்கு 107 புள்ளிகள், பத்தாம் இடம். 54 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கிய இந்த வீழ்ச்சி, முறை மாறியதால் வந்த தோற்றம் அல்ல, உண்மையானது. அந்த ஆண்டு வாக்குகள் பல திசைகளில் சிதறியதால், வென்ற அசர்பைஜானே 221-இல் நின்றது. நான்கு நாடுகள் கூடுதலாக வாக்களித்தும், லேனா ஆஸ்லோவில் எடுத்ததைவிட அது 25 புள்ளிகள் குறைவு.